நாய் உண்ணியில் வைரஸ் தேடுவது எப்படி? மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உண்ணி பரப்பும் வைரஸ் என்றதும் பலர் ஆய்வுகூட இயந்திரத்தைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை குறிப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. எந்த நாய், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), எந்தத் திகதி என்று எழுதாத உண்ணியை எவ்வளவு நல்ல இயந்திரத்தில் போட்டாலும் பயனில்லை.

ஏன் தேட வேண்டும்? 1957இல் கர்நாடகாவின் சிமோகா பகுதிக் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன, கிராமத்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பின்னர் பெயர் பெற்ற அதை முக்கியமாகப் பரப்புவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி. அந்த இனம் இலங்கையிலும் இருக்கிறது. உண்ணி இருப்பதால் நோயும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, தேடிப் பார்க்கக் காரணம் இருக்கிறது, அவ்வளவுதான். நைரோபி செம்மறி நோய் வைரஸை இலங்கை உண்ணிகளிலிருந்தே பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 1996இல் வெளியானது. ஜப்பானில் எஸ்.எஃப்.டி.எஸ். என்ற வைரஸ் காய்ச்சல், உண்ணி கடித்து மட்டுமல்லாமல், நோயுற்ற பூனை, நாய்களிடமிருந்து நேரடியாகவும் மனிதருக்குத் தொற்றியிருக்கிறது.

படி 1: அனுமதியும் தடுப்பூசியும்

மனித இரத்தம் எடுப்பதற்கு (படி 5) ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும். நாய்க்கு உரிமையாளரின் சம்மதம், தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் சம்மதம், ஹோட்டன் சமவெளி போன்ற இடத்துக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி. பேராதனைக் கால்நடை மருத்துவ பீடமோ கன்னொருவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனமோ போன்ற ஓர் இடத்துடன் சேர்ந்து செய்தால் பாதித் தலைவலி குறையும். நாயைத் தொடப் போகிறவர்கள் முற்காப்பாக விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தெருநாயை நீங்களாகப் பிடிக்கப் போகாதீர்கள்.

படி 2: நாயிலிருந்து எடுப்பது

உரிமையாளர் நாயைப் பிடித்துக்கொள்ளட்டும். காதின் உட்புறம், கழுத்துப் பட்டியின் கீழ், கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி என்ற வரிசையில் பாருங்கள். நுனி மெல்லிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். நகத்தால் நசுக்குவது அதைவிட மோசம். உண்ணிக்குள் இருப்பது உங்கள் விரல் கீறலுக்குள் போகும். வீட்டில் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே செய்வார்கள், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். கையுறை கட்டாயம்.

ஒரு நாய்க்கு ஒரு குழாய். இரண்டு நாயின் உண்ணிகளை ஒருபோதும் கலக்க வேண்டாம். ஆறு கால் என்றால் லார்வா. எட்டுக் கால் என்றால் நிம்ஃப் (லார்வாவுக்கு அடுத்த இளம் பருவம்) அல்லது வளர்ந்தது. துள்ளினால் அது தெள்ளு, விட்டுவிடுங்கள்.

குழாயில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைப் போடுங்கள். பேனா மை மதுசாரம் பட்டால் கரைந்துவிடும். நாயின் எண், இடம், உயரம், திகதி இவற்றுடன் உண்ணி இரத்தம் குடித்து உப்பியிருந்ததா, தட்டையாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். உப்பிய உண்ணியில் வைரஸ் கிடைத்தால் அது உண்ணியுடையதா, அது குடித்த நாய் இரத்தத்தினுடையதா என்று சொல்ல முடியாது. நாயில் எடுத்த தட்டை உண்ணியும் சிறிது குடித்திருக்கலாம்தான், ஆனாலும் சந்தேகம் குறைவு.

படி 3: துணி இழுப்பது

கபில நிற நாய் உண்ணி வாழ்வது சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் மூலையிலும். அதைப் புல்லில் தேடிப் பயனில்லை. ஹீமாபைசாலிஸ் வகைக்குத்தான் துணி. ஒரு மீற்றர் சதுர வெள்ளைப் பிளனல் துணியைத் தடியில் கட்டி, காட்டோரப் பாதையிலும் பத்தனை என்ற மலைப் புல்வெளியிலும் மெதுவாக இழுத்து, பத்து மீற்றருக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தேயிலைச் செடிகளுக்கிடையே இழுத்தால் துணிதான் கிழியும். பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள்; ஈரத் துணியில் உண்ணி ஏறாது. நுவரெலியாப் பக்கம் இதற்காகவே பாதி நாள் காத்திருக்க நேரும். அட்டைக்குக் காலுறை போட மறக்க வேண்டாம்.

கண்டி போன்ற தாழ்ந்த இடத்திலும் ஹட்டன், நுவரெலியா போன்ற உயரத்திலும் ஒரே பருவகாலத்தில் எடுத்தால்தான் ஒப்பிடலாம்.

படி 4: குளிர்

தேடும் வைரஸ்களின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும். உயிருள்ள உண்ணியை ஈரமான சிறு கடதாசியுடன் குழாயிலிட்டு, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு கூடிய விரைவில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே −80 பாகையில் வைப்பார்கள். உறையவைத்து உருகவைத்து மறுபடி உறையவைப்பது கூடாது. இனம் காண மட்டும் என்றால் 70% மதுசாரம் போதும்.

படி 5: மனிதர் பக்கம்

அதே தோட்டங்களில் காய்ச்சலுடன் வருகிறவர்களிடம் உண்ணி கடித்ததா, காட்டுக்குப் போனாரா, வீட்டில் நாய் உண்டா என்று கேளுங்கள். கடித்த நினைவே இல்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் அதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது. இரத்தம் இரண்டு முறை வேண்டும்: நோயின் தொடக்கத்தில் ஒன்று, 2 முதல் 4 வாரம் கழித்து ஒன்று. நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்தால்தான் அண்மைத் தொற்று என்று நம்பலாம்.

டெங்கு இங்கே ஒரு சிக்கல். கியாசனூர் வைரஸும் டெங்குவும் ஒரே குடும்பம், ஒன்றின் எதிர்ப்புப்பொருள் மற்றதன் எலைசா சோதனையில் (எதிர்ப்புப்பொருளைக் காணும் இரத்தச் சோதனை) பொய்யான நேர்முடிவு தரலாம். நடுநிலையாக்கல் சோதனையில் (இரத்தத்திலுள்ள எதிர்ப்புப்பொருள் அந்த வைரஸையே தடுக்கிறதா என்று பார்ப்பது) உறுதிசெய்யாமல் எதையும் அறிவிக்க வேண்டாம். இன்னொன்று: மத்திய மலைநாட்டில் உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ரிக்கட்சியா என்ற பக்டீரியா. அதற்கு டொக்சிசைக்கிளின் கேட்கும். வைரஸ் தேடும் ஆர்வத்தில் நோயாளிக்கு அந்த மருந்து தாமதமாகக் கூடாது.

படி 6: கணக்கு

ஒரே இனம், ஒரே வளர்ச்சிப் பருவம், ஒரே இடம் என்று உண்ணிகளைச் சிறு தொகுதிகளாக்கி, அரைத்து, பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்வார்கள். அரைக்கும் வேலை பாதுகாப்பு அறைக்குள் மட்டும். 240 உண்ணிகளில் 3 தொகுதிகள் நேர்முடிவு தந்தால், 3ஐ 240ஆல் வகுத்து 1000ஆல் பெருக்க வேண்டும்: ஆயிரத்துக்கு 12.5. இதுவே குறைந்தபட்சத் தொற்று வீதம். ஒரு தொகுதியில் ஓர் உண்ணிதான் தொற்றியது என்ற அனுமானத்தில் வருவது.

நேர்முடிவு வந்ததும் வேறொரு மரபணுப் பகுதியில் மறுபடி சோதித்து, மரபணு வரிசையை வாசித்து, அதற்குப் பிறகே சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கால்நடை வைத்தியரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் லயத்தில் கதை பரவினால் மறுநாளே நாய்களை அடித்துத் துரத்தத் தொடங்கிவிடுவார்கள், அந்த நாயின் உண்ணியை மறுமுறை எடுக்கவும் முடியாது.