ஒரே வார்ப்பு எண், இரண்டு விலை: பழைய ஷெவர்லே வி8 எஞ்சினை மதிப்பிடும் முறை

அமெரிக்க மசில் கார்களின் எஞ்சினை முதன்முறையாக வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் அது ஓடும் சத்தத்தைக் கேட்டே மயங்கிவிடுகிறார்கள். சத்தத்தைக் கடைசியாகக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. ஏன் என்பதை 1969ஆம் ஆண்டுக் கமாரோ இசட்/28 காரின் 302 எஞ்சினை வைத்து விளக்குகிறேன் (302, 327, 350 போன்ற எண்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்பவை).

டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில் 305 கன அங்குலத்தைத் தாண்டிய எஞ்சினுக்கு இடமில்லை என்பதால், 327 எஞ்சினின் 4 அங்குல போரையும் (சிலிண்டரின் விட்டம்) 283 எஞ்சினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) சேர்த்து ஷெவர்லே இந்த 302 எஞ்சினை உருவாக்கியது. 1969இல் இதற்குப் பயன்பட்ட பிளாக்குகளுள் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் அடிப்படை இரும்பு உடல்) ஒன்றின் வார்ப்பு எண், அதாவது இரும்பை வார்க்கும்போதே அதில் பதியும் எண், 3970010. சிக்கல் அங்கேதான் இருக்கிறது: அதே எண் கொண்ட பிளாக் 1970களின் இறுதிவரை லட்சக்கணக்கான சாதாரண 350 எஞ்சின்களுக்கும் போனது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

முதல் படி: வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும்

அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். ஆகவே 'ஓட்டுநர் பக்கம்' என்று விற்பவர் சொன்னால் அது எஞ்சினின் இடப்பக்கம். நம் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் தேடி ஏமாறாதீர்கள். ஸ்மால் பிளாக் (302, 350 போன்றவை சேர்ந்த ஷெவர்லே வி8 குடும்பம்) எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் விளிம்பின் இடப்பக்க மேற்பகுதியில் புடைப்பு எழுத்தில் வார்ப்பு எண் இருக்கும். அதே விளிம்பின் வலப்பக்கத்தில் வார்ப்புத் தேதி இருக்கும். அதில் முதலில் வரும் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும். 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம் மட்டும். 'ஈ 14 9' என்றிருந்தால் மே 14, 1969.

அல்லது மே 14, 1979. பத்தாண்டைக் குறிக்கும் இலக்கம் அதில் இல்லை. 3970010 பிளாக் இரண்டு காலத்திலும் வார்க்கப்பட்டது. ஆகவே வார்ப்பு எண்ணும் தேதியும் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது, தவறாக இருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முத்திரை மேடை

உண்மையான விலை முடிவாகும் இடம் இதுதான், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் முன்புறம், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல் மூடி) சற்று முன்னால், சமமாகச் செதுக்கிய சிறிய மேடை ஒன்று தெரியும். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானும் மென்மையான தூரிகையும் கொண்டு மட்டும் துடைக்க வேண்டும். உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ பட்டால், சாட்சியை நீங்களே அழித்தவராவீர்கள்.

அந்த மேடையில் 'வி 0521 டி-இசட்' என்பது போன்ற ஒரு தொடர் குத்தப்பட்டிருக்கும். 'வி' என்பது ஃபிளின்ட் ஆலை, 0521 என்பது எஞ்சின் பூட்டப்பட்ட மே 21, 'டி-இசட்' என்பது 1969ஆம் ஆண்டு 302 எஞ்சினுக்குரிய குறியீடு. 1970 முதல் இந்தக் குறியீடு மூன்று எழுத்தாக மாறியது. ஆகவே மூன்று எழுத்து கண்ணில் பட்டால் அது 1969 மாடலின் எஞ்சின் அன்று. வார்ப்பு முந்தி, பூட்டுதல் பிந்தி, கார் தயாரான தேதி அதற்கும் பிந்தி என்ற வரிசை பிறழவே கூடாது.

இதோடு, 1968 முதல் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் எஞ்சினில் குத்தப்பட்டது. 1969 கமாரோவில் அது '19என்' அல்லது '19எல்' என்று தொடங்கி ஆறு இலக்கங்களில் முடியும்: 1 என்பது ஷெவர்லே, 9 என்பது மாடல் ஆண்டு, 'என்' என்பது ஒஹாயோவின் நார்வுட் ஆலை, 'எல்' என்பது கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. இது எஞ்சின் ஆலையில் இல்லாமல் கார் ஆலையில் குத்தப்பட்டதால், மேடையிலுள்ள மற்ற எழுத்துகளிலிருந்து இதன் அளவும் ஆழமும் சற்று வேறுபட்டிருப்பது இயல்பு. இரண்டும் ஒரே கையால் ஒரே நாளில் குத்தியவை போலத் தோன்றினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேடையின் பரப்பைப் பாருங்கள். ஆலையில் அதைச் செதுக்கிய விதத்தால், எஞ்சினின் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் ஓடும். அவை வட்ட வளைவுகளாகவோ வேறு திசையிலோ இருந்தால், பரப்பு பிற்காலத்தில் சீவப்பட்டிருக்கிறது. புதுப்பிக்கும்போது நேர்மையான பட்டறைகளும் இப்படிச் சீவியதுண்டு, 1979 பிளாக்கில் 'டி-இசட்' குத்துவதற்காகச் சீவியவர்களும் உண்டு. வாங்குபவருக்கு இரண்டின் விளைவும் ஒன்றே: அசல் என்ற பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஆதாரம் இல்லை.

மூன்றாம் படி: உள்ளே இருப்பது என்ன

முடிந்தால் ஒரு பக்க ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கிராங்கை (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டு) சுழற்றி, ஒரு பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை நகரும் தூரத்தை அளந்தால், 302இல் 76.2 மில்லிமீட்டரும் 350இல் ஏறத்தாழ 88.4 மில்லிமீட்டரும் வரும். பன்னிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சாதாரண அளவுகோலே காட்டிவிடும். பிஸ்டனின் தலையில் 030 என்றிருந்தால், போர் ஏற்கெனவே 0.030 அங்குலம் பெரிதாக்கப்பட்டுள்ளது. 060 என்றிருந்தால் இந்தப் பிளாக்கில் இனிமேல் வெட்ட அதிக இரும்பு மிச்சமில்லை. அடியிலுள்ள ஆயில் பானையும் கழற்றினால், கிராங்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் பேரிங் மூடிகள் தெரியும். 1969 302 எஞ்சினில் நடு மூன்று மூடிகளுக்கு நான்கு போல்ட் இருக்க வேண்டும். ஆனால் பல 350 எஞ்சின்களிலும் நான்கு போல்ட் உண்டு என்பதால், இதை மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காம் படி: உடல்நலம்

குளிர்நாட்டுக் கொட்டகையில் தண்ணீர் வடிக்காமல் கிடந்த எஞ்சினின் பக்கச் சுவரும், லிஃப்டர்கள் (வால்வுகளைத் திறக்க உந்தும் சிறு உருளைகள்) வரிசையாக நிற்கும் நடுப்பள்ளமும் உறைபனியில் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பட்டறையில் காந்தத் துகள் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கார்புரேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம்) பாருங்கள். மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. உயர்ந்தது 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றால் குறைந்தது 120 வேண்டும். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துள்ளது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். 302இன் பந்தயக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) அவற்றை நீண்ட நேரம் திறந்து வைப்பதால், 11:1 என்ற அழுத்த விகிதத்தை நினைத்து மிகப் பெரிய எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். சிலிண்டர்களுக்கு இடையிலான ஒற்றுமைதான் முக்கியம்.

ஐந்தாம் படி: விலை சொல்லுதல்

முதலில் அடையாளத்தை மறந்துவிட்டு, வெறும் 350 பிளாக்காக எண்ணிக் கணக்குப் போடுங்கள். கணக்குக்காக, முழுதாகப் புதுப்பித்த 350 எஞ்சின் ஒன்று 4,000 டாலருக்குக் கிடைப்பதாகவும், உங்கள் முன் உள்ளதைப் புதுப்பிக்க 2,800 டாலர் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் இதன் இரும்பு மதிப்பு 1,200 டாலர். விற்பவர் எந்தக் கதை சொன்னாலும், ஆதாரம் இல்லாதவரை இதற்கு மேல் போகாதீர்கள்.

மேடையின் கோடுகளும் குறியீடும் தேதிகளும் ஸ்ட்ரோக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மட்டுமே அதற்கு மேல் பேரம் தொடங்கும். அப்போதும் ஓர் உண்மையை நினைவில் வையுங்கள்: அந்த எஞ்சினில் குத்தியுள்ள கார் எண், உலகில் ஒரே ஒரு காருக்கு உரியது. அந்தக் காரின் உரிமையாளர் தன் காருக்குப் பிறந்த எஞ்சினைத் திரும்பப் பெற எவ்வளவும் கொடுக்கலாம். உங்களிடம் வேறு கமாரோ இருந்தால், உங்களுக்கு அது சரியான வகையைச் சேர்ந்த, ஆனால் அயல் எண் கொண்ட எஞ்சின் மட்டுமே. விற்பவர் முதலாமவரின் விலையைக் கேட்பார். நீங்கள் இரண்டாமவரின் விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.