மோரில் தேன் ஊற்றுவார்களா, மிஸ்?

மாலையில் வீட்டுத் திண்ணையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். எட்டு, ஒன்பது படிக்கும் பிள்ளைகள். ஒப்பிட்டுப் பேசும் "மோர் தேன்" (more than) என்றதுமே, "மோரில் யாராவது தேன் ஊற்றுவார்களா, மிஸ்?" என்று கேட்கிற வயசு. சரி, சிரித்து முடிக்கட்டும்.

தேன் என்றால் நம் ‘விட’. அதில் யாருக்கும் குழப்பமில்லை. எழுதச் சொன்னால்தான் "மை பிரதர் இஸ் டால் தேன் மீ" என்று வந்து நிற்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ‘அண்ணன் உயரம்’, ‘அண்ணன் என்னைவிட உயரம்’ என்று தமிழில் ‘உயரம்’ அசைவதே இல்லை. முழு வேலையையும் ‘விட’ பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் கை வைக்கணும். முதலில் டால் (tall), ‘er’ வால் ஒட்டி டாலர் (taller) ஆக வேண்டும், அப்புறம்தான் தேன். பியூட்டிஃபுல் மாதிரி நீளமான சொல்லில் வால் ஒட்டாது, முன்னால் மோர் வரும். பெட்டரில் ஏற்கெனவே அந்த வேலை முடிந்துவிட்டது. ‘மோர் பெட்டர்’ என்பது உப்புப் போட்ட சாம்பாரில் மறுபடி உப்புப் போடுவது.

வரிசை தடுமாறினால், தமிழ் வாக்கியத்தை எழுதி ‘விட’ ஒட்டிய சொல்லை வட்டமிடுங்கள். ‘என்னைவிட’ கடைசிக்குப் போய் ‘தேன் மீ’ ஆகிவிடும்.

பரீட்சையில் மதிப்பெண் போவது ‘அதர்’ என்ற சின்னச் சொல்லால். "சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு" என்றால், சென்னை தன்னையே விடப் பெரியதாகிவிடும். அதுவும் தமிழ்நாட்டு ஊர்தானே! ‘எனி அதர் சிட்டி’ என்று எழுதுங்கள். கேரளத்து ஊர்களோடு ஒப்பிட்டால் அதர் வேண்டாம்.

இன்னொன்று நானே பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் "ஐ ஆம் சீனியர் தேன் ஹர்" என்று மனு எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தேனைச் சுற்றிச் சிவப்பு மை. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை; இவற்றுக்கு ‘டு’ தான். ப்ரிஃபரும் அப்படியே: "ஐ ப்ரிஃபர் காபி டு டீ".

எழுத்துக்கூட்டில், நடுவில் ஏ வந்தால் (than) ‘விட’, ஈ வந்தால் (then) ‘அப்புறம்’. போன வாரம் டிக்டேஷனில் ஒருத்தி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி நீட்டினாள். "எது சரியோ அதை எடுத்துக்கோங்க, மிஸ்."