சோளகக் காலத்தில் பழக்கன்றைக் காப்பது

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்று நிற்கிறது, இரண்டு வயது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் காலையில் முதலில் அதன் தளிரைத்தான் பார்ப்பேன். மத்தியானம் துவண்டு, பொழுதுபட நிமிர்ந்தால் பயமில்லை. விடிய ஆறு மணிக்கும் துவண்டே நின்றால் வேருக்குத் தண்ணீர் போதவில்லை.

நாளுக்கு ஒரு செம்பு ஊற்றுவது வீண்வேலை. மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றும், பிறகு ஒரு வெயிலிலேயே கருகும். அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வரம்பு கட்டி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பின்னேரத்தில் இரண்டு வாளி மெதுவாக விடுங்கள். மறுநாள் அரை அடி தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் சரி.

பாத்தியில் சருகும் பூவரசங்குழையும் நான்கு விரல் தடிப்புக்குப் போடலாம், தண்டில் முட்டாமல். மேற்குப் பக்கம் இரண்டு பனையோலை நட்டால் காற்றும் வெயிலும் தணியும்.

இலை ஓரம் மட்டும் கருகினால் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் என்றால் அதையே கூட்டி ஊற்றிப் பலனில்லை.

வாடிய கன்றுக்கு உரம் வேண்டாம். ஒருமுறை வாடிய தேசிக்கன்றுக்கு (எலுமிச்சை) யூரியா போட்டேன். ஒரு கிழமையில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. பிடுங்கப் போனவன் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. வெட்டாமல் விட்டேன். ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது.