396 வேஷத்தில் ஒரு 427: எஞ்சினைப் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

1960களின் பிற்பாதியில் வந்த செவ்ரோலெட் ஷெவெல் எஸ்எஸ் 396 கார் (396 என்பது எஞ்சினின் கன அங்குலக் கொள்ளளவு) வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. பானெட்டைத் திறந்தால் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது போல இருக்க வேண்டும். மிதித்தால் மட்டும் வேறு வண்டியாக வேண்டும். முடியாத காரியமல்ல. 396 பிளாக்கின் போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, 0.030 அங்குலம் கூட்டி, 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள, 454 எஞ்சினின் கிராங்கைப் போட்டு, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கினால் 427 கன அங்குலம் கிடைத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஆனால் பலர் எஞ்சினுக்குத் தொழிற்சாலை அடித்த ஆரஞ்சு பெயின்ட்டின் சாயலைப் பற்றியே மாதக்கணக்கில் கவலைப்படுகிறார்கள். வண்டியின் மதிப்பு போவது அதற்கு முன்பே, மெஷின் ஷாப்பில்.

வண்டியோடு வந்த அசல் எஞ்சின்தானா என்பதற்கு எஞ்சின் எண்தான் சாட்சி. செவ்ரோலெட் வி8 பிளாக்கில் அது பொறித்த இடம், வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், ஹெட் உட்காரும் அதே மட்டத்தில் இருக்கிறது. பிளாக்கின் மேற்பரப்பைச் சமன்படுத்தக் கொடுத்தால் கட்டர் அந்த எண்ணையும் சேர்த்து வழித்துவிடும். எண் மட்டுமல்ல, அதன் அடியில் தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய கோடுகளும் போய்விடும். மறுபடி எண்ணைக் குத்தலாம், கோடுகளைக் குத்த முடியாது. விவரம் தெரிந்தவர்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பதே அந்தக் கோடுகளைத்தான். ஆகவே பிளாக்கைக் கழுவக் கொடுக்கும் முன்பே அந்த இடத்தைப் படம் எடுத்துவிடுங்கள். "இதைத் தொடாமல் வெட்ட முடியுமா?" என்று ஷாப்காரரிடம் நேராகக் கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஷாப் பாருங்கள். வாய்வார்த்தை போதாது, பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது பேலன்ஸ். 396 எஞ்சினின் எடைச் சமநிலை முழுவதும் உள்ளேயே முடிந்துவிடும். 454 அப்படியில்லை, அதன் முன்பக்க டாம்பரிலும் (கிராங்கின் அதிர்வை அடக்கும் சக்கரம்) ஃப்ளைவீலிலும் கூடுதல் எடை இருக்கும். தோற்றத்துக்காகப் பழைய 396 டாம்பரை 454 கிராங்கில் மாட்டினால் எஞ்சின் உதறும், பேரிங்குகள் சீக்கிரம் போகும். உள்பேலன்ஸ் செய்த கிராங்கை வாங்கினால் பழைய டாம்பரே போதும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் வாங்கும்போது ஆசை அளவு மீறும். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) அதிகமான கேம் போட்டால் ஐடிலில் குலுங்கும், வேக்குவம் குறையும், பவர் பிரேக் கல்லாகும். பார்வைக்கு 396, காதுக்கு ரேஸ் கார். வேஷம் ஸ்டார்ட் செய்த நிமிடமே கலைந்துவிடும். தவிர, ஹெடர் (புகை எளிதாக வெளியேறும் குழாய்த் தொகுப்பு) மாட்டிய எஞ்சினுக்கென்று செய்த கேம், இரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒத்துப்போகாது. மேனிஃபோல்டில் புகை வெளியேறத் திணறும் என்பதால், எக்ஸாஸ்ட் பக்கம் சற்றுக் கூடுதலாகத் திறந்திருக்கும் கேம்தான் சரி.

1965, 66 பிளாக் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவற்றில் கேமின் கடைசி ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் பகுதி) உள்ள பள்ளம் வழியாகத்தான், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர்களுக்கு ஆயில் போகும். பின்னாளைய கேமில் அந்தப் பள்ளம் இருக்காது. கவனிக்காமல் மாட்டினால் லிஃப்டர்கள் காய்ந்து, புது எஞ்சின் ஆரம்பத்திலேயே கெடும்.

கார்புரேட்டரைத் தூக்கிப் போடுவது வீண் அவசரம். 325, 350 குதிரைத்திறன் வண்டிகளில் வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர், 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி) வரை காற்று விடும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் ராடையும் மாற்றினாலே 427க்குப் போதும். அதன் உடலில் உள்ள எண்ணும் மதிப்புதான்.

பழைய ஃப்ளாட் டாப்பெட் வகை (லிஃப்டரின் அடிப்பகுதி நேராகக் கேமில் உரசும்) கேமையே வைத்துக்கொள்பவர்கள் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விட்டு ரசிக்கக் கூடாது. துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, எஞ்சின் பிடித்ததுமே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, 20 நிமிடமாவது இறக்காமல் ஓட்ட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி, டைமிங் சரியாக இருந்தால்தான் சட்டென்று பிடிக்கும். சும்மா செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் கேமில் பூசிய மசகு பேஸ்ட் அத்தனையும் வழிந்துவிடும்.