நெல்லைச் சீமையில் கேமராவோடு அலைகிறவர்கள் செய்யும் தவறுகள்

சாயங்காலப் பொன்வெயிலில் படம் எடு என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி ஐந்தரை மணிக்குப் பாபநாசத்தில் போய் நிற்பதுதான் முதல் தவறு. அங்கே மேற்கே இருப்பது மலை. அஸ்தமன நேரம் வருவதற்கு முன்பே சூரியன் பொதிகைக்குப் பின்னால் போய்விடும், வயல் முழுக்க நிழல். வயலும் மலையும் வெளிச்சத்தோடு ஒரே படத்தில் வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள். அப்போதும் அசட்டையாக இருக்க முடியாது. திருநெல்வேலி இருப்பது ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில்; சூரியன் சரிந்து வராமல் விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். ஐரோப்பாக்காரர் சொல்லும் நீண்ட பொன்வெயில் இங்கே அரைமணி நேரம்கூட நிற்காது. டீ குடித்துவிட்டு எடுக்கலாம் என்றால் போச்சு.

அடுத்தது, கேமரா சொல்வதை அப்படியே நம்புவது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டருக்குத் தெரியும். கிருஷ்ணாபுரம் கோவில் சிற்பங்களின் கருங்கல் படத்தில் சாம்பல் பூசியதுபோல் வருவது இதனால்தான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துப் பாருங்கள், கல் கல்லாகத் தெரியும். (அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நேர் வெளிச்சம் விழுந்தால் சிற்பத்தின் புடைப்பு செத்துப்போகும்.) உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டில், நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்யும் வேலை இதைவிட மோசம். சிவப்பு கூடிவிட்டது என்று அதுவே தீர்மானித்து, செம்மண்ணை வெளிறிய களிமண் ஆக்கிவிடும். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் (பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில்) வைத்தால் சரியாகிவிடும்.

பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளை 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இறக்கை உறைந்து, மின்வெட்டு மாதிரி இருக்கும். 1/30க்கு இறங்குங்கள், இறக்கை சுழல்வது தெரியும்; கை ஆட்டம் படத்தில் விழாமல் இருக்க ஸ்டாண்டு கட்டாயம்.

கூந்தன்குளத்தில் நடப்பதைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தெரு மரங்களிலேயே கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே போய், பறக்கிற படம் வேண்டுமென்று கைதட்டிக் கிளப்புகிறார்கள். உச்சி வெயிலில் மஞ்சள் மூக்கு நாரை இறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கும். அது எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வேகும். உண்மையில் எடுக்க வேண்டிய படமே அந்த விரித்த இறகுதான். சத்தம் போடாமல் காத்திருக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும்.

மனிதர்களிடமும் இதே அவசரம். "அண்ணாச்சி, இன்னொரு தடவை ஏறுங்க, சரியா விழல" என்று பனையேறியிடம் கேட்கிறவர்களைப் பார்க்கலாம். பாளை சீவ அவர் சாயங்காலம் எப்படியும் மறுபடி ஏறத்தான் போகிறார். அதுவரை மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் கால் எங்கே பதியும், கை எப்போது பட்டையை விடும் என்பதெல்லாம் பிடிபடும். குற்றாலத்தில் குளிக்கிறவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள், அதற்கு விளக்கம் தேவையில்லை.

லென்ஸ் வாங்கும் ஆசைக்கு முடிவில்லை. அந்தக் காசில் கொஞ்சத்தைப் பிரிண்டுக்கு ஒதுக்குங்கள். போன் திரை தன் வெளிச்சத்தாலேயே பல குறைகளை மறைத்துவிடும். நிழலில் விவரம் இல்லாதது, அடிவானம் சாய்ந்தது எல்லாம் காகிதத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டு பிரதி போட்டு, ஒன்றைப் பனையேறி அண்ணாச்சி கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் கணக்கில் வராது.