நியூக்ளியோடைடின் படத்தைப் படித்து இனங்காண்பது எப்படி

டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் நியூக்ளியோடைடு என்னும் சிறு அலகுகள் வரிசையாக இணைந்து உருவான நீண்ட மூலக்கூறுகள். ஒவ்வோர் அலகிலும் ஐந்து கார்பன்கள் கொண்ட ஒரு சர்க்கரை, ஒரு நைட்ரஜன் காரம், ஒரு பாஸ்பேட் தொகுதி ஆகிய மூன்றும் இருக்கும் என்பதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூட, பெயர் குறிக்கப்படாத கட்டமைப்புப் படம் ஒன்றைக் கண்டதும் தடுமாறுவதுண்டு. கண்ணில் முதலில் படும் காரத்திலிருந்து படிக்கத் தொடங்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சர்க்கரையிலிருந்து தொடங்கினால் மற்ற எல்லாம் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

முதலில், நான்கு கார்பன்களும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த ஐங்கோண வளையத்தைத் தேடுங்கள். அந்த வளையத்தில் காரத்தைத் தாங்கும் கார்பன் 1' ஆகும். அதிலிருந்து ஆக்சிஜன் இல்லாத பக்கமாக நகர்ந்தால் 2', 3', 4' என்று வரும். 4' கார்பனிலிருந்து வளையத்துக்கு வெளியே நீண்டிருப்பது 5'. காரத்தின் அணுக்களுக்குத் தனியாக எண்கள் உள்ளதால், குழப்பம் நேராதிருக்கச் சர்க்கரையின் எண்களுக்கு மட்டும் 'பிரைம்' குறியை இடுகிறோம். இந்த ஐந்து எண்களையும் பென்சிலால் படத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து 2' கார்பனைப் பாருங்கள். அங்கே ஹைட்ராக்சில் தொகுதி (OH) இருந்தால் சர்க்கரை ரைபோஸ். வெறும் ஹைட்ரஜன் மட்டும் இருந்தால் டிஆக்ஸிரைபோஸ். முன்னது ஆர்.என்.ஏ.வுக்கும் பின்னது டி.என்.ஏ.வுக்கும் உரியது. ஓர் ஆக்சிஜன் அணுவின் வேறுபாடுதான் என்றாலும் அதன் விளைவு பெரிது. காரத்தன்மையுள்ள கரைசலில் ரைபோஸின் 2' ஆக்சிஜன் பக்கத்திலிருக்கும் பாஸ்பரசைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடுவதால், ஆர்.என்.ஏ. எளிதில் சிதைகிறது, அந்த ஆக்சிஜன் இல்லாத டி.என்.ஏ.யோ மரபுத் தகவலை நெடுங்காலம் தாங்கி நிற்கிறது.

இனி காரத்துக்கு வரலாம். ஆறணு வளையமும் ஐந்தணு வளையமும் ஒட்டிய இரட்டை வளையம் என்றால் பியூரின். அது தன் 9ஆம் நைட்ரஜன் வழியாகச் சர்க்கரையோடு இணைந்திருக்கும். ஒற்றை ஆறணு வளையம் என்றால் பிரிமிடின். அது 1ஆம் நைட்ரஜன் வழியாக இணையும். பியூரின்களில் அடினைனுக்கு ஆக்சிஜனே கிடையாது, குவானைனுக்கு உண்டு. பிரிமிடின்களில் அமினோ தொகுதி (NH₂) உள்ளது சைட்டோசின். இரண்டு ஆக்சிஜன்கள் இருந்து அமினோ தொகுதி இல்லாவிட்டால் அது யூராசில்; அதே யூராசிலின் 5ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி (CH₃) சேர்ந்தால் தைமின்.

தைமின் டி.என்.ஏ.வுக்கு, யூராசில் ஆர்.என்.ஏ.வுக்கு என்ற பாடநூல் விதி பொதுவாகச் சரியே. ஆயினும் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். புரதம் உருவாகும்போது அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வில் ரைபோஸோடு இணைந்த தைமின் காணப்படுகிறது, டி.என்.ஏ.விலும் சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யூராசிலாக மாறுவது இயல்பாக நிகழ்கிறது. டி.என்.ஏ.வின் சொந்தக் காரம் தைமினாக இருப்பதால்தான் அப்படித் தோன்றிய யூராசிலைப் பிழையென்று கண்டு நீக்கச் செல்லின் நொதிகளால் முடிகிறது. ஆகவே, டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா என்று தீர்மானிக்க 2' கார்பனையே சாட்சியாகக் கொள்ளுங்கள்.

பாஸ்பேட்டுகளை எண்ணினால் பெயர் முழுமையாகும். பாஸ்பேட் இல்லாமல் காரமும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் அது நியூக்ளியோசைடு. அடினைன் என்பது காரம், அடினோசின் என்பது ரைபோஸோடு சேர்ந்த நியூக்ளியோசைடு. இவ்விரு பெயர்களும் அடிக்கடி மாறிப்போகின்றன. அடினோசினின் 5' கார்பனில் மூன்று பாஸ்பேட்டுகள் தொடர்ந்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. கிடைக்கிறது, ஆர்.என்.ஏ. உருவாகும்போது அடினைன் உள்ள அலகாக வந்து சேர்வதும் அதுவே.

சங்கிலியில் ஓர் அலகின் 3' ஆக்சிஜனும் அடுத்ததன் 5' ஆக்சிஜனும் ஒரே பாஸ்பேட்டால் இணைகின்றன; இதுவே பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு. இதனால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு திசை உண்டு. வரிசையை 5' முனையிலிருந்து 3' முனை நோக்கி எழுதுவது மரபு. 1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த இரட்டைச் சுருளில் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசினோடு மூன்றாலும் இணைகின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒரு பியூரினும் ஒரு பிரிமிடினும் இருப்பதால் சுருளின் அகலம் எங்கும் ஏறத்தாழ 2 நானோமீட்டராகவே இருக்கிறது.

பயிற்சிக்கு 5'-ATTGC-3' என்ற டி.என்.ஏ. வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள் (A அடினைன், T தைமின், G குவானைன், C சைட்டோசின்). ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே இணையை எழுதினால் 3'-TAACG-5' வரும். மரபுப்படி திருப்பி எழுதினால் 5'-GCAAT-3'. முதல் மூன்று சோடிகளுக்கு ஆறு, கடைசி இரண்டுக்கு ஆறு என ஹைட்ரஜன் பிணைப்புகள் 12. உங்கள் விடை TAACG என்று நின்றிருந்தால், இணைகள் சரியாகவே உள்ளன. திசையைத் திருப்பத்தான் மறந்திருக்கிறீர்கள்.