ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டால்: கியர்பாக்ஸைக் கெடுக்காமல் இழுத்துச் செல்வது எப்படி?

"நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தால் ஆயிற்று" என்பதெல்லாம் மேனுவல் காருக்குச் சரி. ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்றவிடும் பம்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஆனால் தரையில் உருளும் சக்கரம் கியர்பாக்ஸின் உள்பாகங்களைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆயில் அடியில் தேங்கிக் கிடக்க, மேலே புஷ்களும் கிளட்ச் தகடுகளும் வறண்டு உரசிக் கருகும். (தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததற்கும் இதே பம்ப்தான் காரணம். தள்ளினால் மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.)

ஆகவே, இன்ஜின் எந்தச் சக்கரங்களை ஓட்டுகிறதோ அவை சாலையில் உருளக் கூடாது.

1. எந்தப் பக்கத்தைத் தூக்குவது?

முன்சக்கர டிரைவ் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் போதும். பின்சக்கர டிரைவ் என்றால் பின்பக்கம். ஆல் வீல் டிரைவ், ஹைப்ரிட், எலெக்ட்ரிக் மூன்றுக்கும் காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரிதான், பேரமே வேண்டாம். எலெக்ட்ரிக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். சொல்லப்போனால் எந்த ஆட்டோமேட்டிக்குக்கும் நான் ஃபிளாட்பெட்டைத்தான் கேட்பேன். போன் செய்யும்போதே "ஆட்டோமேட்டிக், ஃபிளாட்பெட் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கொக்கி வண்டி வந்து நிற்கும்.

2. பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேட்டரி செத்திருந்தால், பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் லீவர் பார்க்கைவிட்டு நகராது. லீவர் பக்கத்தில் விரல்நக அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும், அந்தப் பூட்டை விடுவிக்கும் துளை அதன் அடியில்தான். சில கார்களில் ஒளித்து வைத்திருப்பார்கள். காரோடு வந்த கையேட்டில் "ஷிஃப்ட் லாக்" என்று தேடுங்கள்.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக்கும் போடுங்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி சுற்றி மூடியை நெம்புங்கள். பிரேக்கை மிதித்தபடி, துளைக்குள் சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ அழுத்திப் பிடித்துக்கொண்டே லீவரை நியூட்ரலுக்கு இழுங்கள்.

அப்படியும் வரவில்லையா? கார் சரிவில் நிற்கிறதா பாருங்கள். பார்க்கில் ஒரு சின்ன இரும்புக் கொண்டிதான் பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து காரைப் பிடித்திருக்கிறது. காரின் மொத்தப் பாரமும் அதன்மேல் சாய்ந்திருந்தால் லீவர் இறுகிக்கொள்ளும். லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓர் ஆள் மேட்டுப் பக்கமாகக் காரை ஒரு தள்ளு தள்ளினால் "டக்" என்று விடுபடும். பார்க்கிலேயே வைத்துத் தரதரவென்று இழுத்தால் அந்தக் கொண்டி உடையும்.

பட்டன் கியரும் எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கும் உள்ள கார்களில் பெரும்பாலும் துளையே இருக்காது. 12 வோல்ட் கொடுத்தால்தான் இரண்டும் விடுபடும். இதற்கு ஜம்பர் கேபிளைவிடக் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் (சின்ன பேட்டரிப் பெட்டி) மேல். பக்கத்தில் இன்னொரு கார் தேவைப்படாது. இக்னிஷனை அணைத்தால் தானாகவே பார்க்குக்குத் திரும்பிவிடும் கார்களும் உண்டு. அவற்றில் நியூட்ரலிலேயே நிறுத்திவைக்கும் முறை கையேட்டில் இருக்கும்.

3. ஏற்றிக் கட்டுவது

டோ கொக்கி டூல்கிட்டில் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடிக்குப் பின்னால் திருக வேண்டும். சில கார்களில் இடப்புற மரை, அதாவது இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வலப்பக்கம் திருகித் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். கையால் முடிந்த மட்டும் திருகிவிட்டு, வீல் ஸ்பேனரை வளையத்தில் நுழைத்து முழுக்க இறுக்குங்கள். பாதி திருகிய கொக்கி வளைந்துவிடும்.

லாரியின் வின்சில் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) மெதுவாக ஏற்றும் சில மீட்டர் தூரம் கியர்பாக்ஸை ஒன்றும் செய்யாது. இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும், பதற வேண்டாம். மேலே ஏறியதும் பார்க், ஹேண்ட்பிரேக், பிறகு நான்கு டயர்களுக்கும் பெல்ட். சஸ்பென்ஷன் கம்பியில் சங்கிலி மாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஏஎம்டி (கியரைத் தானாக மாற்றும் கருவி பொருத்திய) கார் உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸ்தான். நியூட்ரல் விழுந்தால் சிக்கல் குறைவு. ஆனால் கியர் மாற்றும் அந்தக் கருவி (ஆக்சுவேட்டர்) பழுதாகிக் கியரிலேயே மாட்டியிருந்தால் ஃபிளாட்பெட்தான். சில பழைய ஆட்டோமேட்டிக்குகளின் கையேட்டில் சக்கரங்கள் சாலையில் உருள இழுக்க "50 கி.மீ. வேகம், 50 கி.மீ. தூரம்" என்று அனுமதி இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் அது இருந்தால் மட்டும் செல்லும். சிவிடி (பல்சக்கர கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக்) காரில் அதை நம்பி இறங்காதீர்கள்.